டர்பனில் ஒரு கல்லூரி நூலகம்: ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள்

முதல் ஆறு மாதம் எங்கள் கல்லூரி நூலகத்தை ஏசி போட்ட ஹாலாகத்தான் நான் பயன்படுத்தினேன். தென்னாப்பிரிக்காவில் பிப்ரவரி கோடைக்காலம்; டர்பனின் பிப்ரவரிப் புழுக்கம் தெரிந்தவர்கள் இதற்காக என்னைத் திட்ட மாட்டார்கள். காலை எட்டு மணிக்கே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள வீட்டிலிருந்து கிளம்பி வந்ததும் நேராக மூன்றாம் மாடிக்குப் போவேன். ஜன்னலோரத்தில் ஒரு மேசையைப் பிடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தையே படித்துவிட்டுத் திரும்புவேன். கல்யாண வீட்டுக்குப் போய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்த மாதிரிதான்.

எனக்கு வயது 41. மதுரைக்காரி. கணவர் வேலைக்காக டர்பன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எத்தனை நாள்தான் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொடுப்பது, முறையாகவே படித்துவிடலாம் என்று 2023 பிப்ரவரியில் ஆசிரியர் படிப்பில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். அது முடிந்து, இப்போது அதே இடத்தில் அடுத்த படிப்பு. கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன். விடைத்தாள் திருத்துகிறவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதலில் கட்டடம். நாலு மாடி. கீழ்த்தளம் சந்தைக்கடை, மேலே போகப் போக அமைதி. மூன்றாம் மாடியில் குளிர் எலும்பில் இறங்கும். வெளியே 32 டிகிரி, உள்ளே நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேசைப் பையன்கள் 'ஆண்ட்டி, கொடைக்கானலா?' என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தாயிற்று, பெட்டியில் சீட்டு போட்டாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. பிளக் பாயின்ட் சுவரோர மேசைகளில் மட்டும்தான். பரீட்சைக் காலத்தில், அதாவது ஜூனிலும் நவம்பரிலும், ஏழரைக்கு முன்னால் போனால் கிடைக்கும். வெளி வராந்தாவில் சாப்பிடலாம் என்று போர்டு இருக்கிறது. நம்பாதீர்கள். குரங்குகள் வரிசையில் நிற்கின்றன. என் டிபன் பாக்ஸைத் திறக்கத் தெரிந்த குரங்கு ஒன்று இருக்கிறது. இட்லியை விட்டுவிட்டு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகும்.

நூலகத்தை உருப்படியாகப் பயன்படுத்த ஆரம்பித்தது கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவால். ஜூலு பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர். இங்கே வயதில் மூத்த பெண்ணை 'மாமா' என்று கூப்பிடுவதுதான் மரியாதை. புடவை கட்டிய நான், கழுத்தில் பாசிமணி போட்ட அந்த அம்மாவை 'சாவுபோனா, மாமா' என்று கும்பிட எனக்கு ஒரு வருடம் நாக்கு கூசியது. என் பெண் இன்றைக்கும் சிரிக்கிறாள். அவர் என்னை 'சிசி' என்பார், தங்கச்சி என்ற அர்த்தத்தில்.

ஒருநாள் என் பாடப் புத்தகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பெண்ணிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு புத்தகம் 1,150 ரேண்ட், அப்படி நாலு புத்தகம். கவுண்டர் மாமா கையை நீட்டிப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். 'சிசி, இதில் மூன்று என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது' என்றார். ஷார்ட் லோன் என்ற விஷயம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் எல்லோருக்கும் வேண்டிய புத்தகங்களை அலமாரியில் வைக்காமல் கவுண்டருக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். கேட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் கொடுப்பார்கள். மாலை மூடுவதற்குச் சற்று முன்னால் கேட்டால் ராத்திரிக்கு வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம், காலை ஒன்பதுக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். அலமாரியில் தேடிப் பார்த்து 'இல்லை' என்று திரும்பிப் போகிற பிள்ளைகளை இப்போதும் தினமும் பார்க்கிறேன். கேட்டால்தானே தெரியும்!

அந்த ஒன்பது மணி என்பது ஒன்பது மணிதான், ஒன்பது ஐந்து இல்லை. ஒருமுறை ஹிகின்சன் ஹைவேயில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. நான் உள்ளே நுழையும்போது 9:40. மணிக்கணக்கில் ஃபைன். கட்டினேன். 'லாரி' என்று ஆரம்பித்தேன். மாமா எனக்குப் பின்னால் நின்ற பையனைக் காட்டினார். ஒன்பது மணியிலிருந்து அந்தப் புத்தகத்துக்காகவே நிற்கிறானாம். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரிக்கு எடுத்துப் போவதானால், வேண்டிய அத்தியாயத்தை அன்றைக்கே படித்துக் குறிப்பெடுத்துவிட்டு, வீட்டுக்கு வேறு புத்தகம் எடுத்துப் போவது நல்லது என்பது என் அனுபவம். ராத்திரி சமைத்து, பாத்திரம் கழுவி, பெண்ணின் ஹோம்வொர்க் பார்த்து முடித்த பிறகு ஷார்ட் லோன் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத்தான் தூங்க முடியும்.

மின்புத்தகங்களும் உண்டு. கார்டு நம்பர் போட்டால் வீட்டிலிருந்தே திறக்கும். ஆனால் சில புத்தகங்களுக்கு ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாலாவது ஆளாக இருப்பதன் வேதனையை எழுத இங்கே இடம் போதாது. இரண்டு வாரம் முன்னாலேயே வேண்டிய அத்தியாயத்தை இறக்கிக்கொள்ளுங்கள். வைஃபைக்கு எடுரோம் என்று ஒன்று கொடுப்பார்கள்; போனில் ஒருமுறை போட்டுவிட்டால் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அதுவே பிடித்துக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தானாகவே ஒட்டிக்கொண்டபோது போனை யாரோ திருடிவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன்.

நான் சேர்ந்த 2023 மின்வெட்டின் பொற்காலம். லோட் ஷெடிங் என்று இங்கே சொல்வார்கள். வெட்டின் அளவை ஸ்டேஜ் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள்; ஸ்டேஜ் ஆறு என்றால் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூடப் போகும். நூலகத்தில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் விளக்குக்கும் கவுண்டருக்கும் மட்டும். லிஃப்ட் நின்றுவிடும், ஏசியும் நின்றுவிடும் (அன்றைக்கு மட்டும் மூன்றாம் மாடி சொர்க்கம்). புத்தகம் பதிகிற மிஷின் படுத்துவிட்டால், மாமா மேசைக்கு அடியிலிருந்து நீலக்கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுப்பார். பெயர், கார்டு எண், புத்தக எண், தேதி, கையெழுத்து. மிஷினை விட அது வேகம் என்று நான் சொன்னால் கணினிப் பிரிவில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வேகம்தான்.

சரி, இத்தனையும் எந்தக் கல்லூரி நூலகத்துக்கும் பொருந்தும். நான் இதை எழுத உட்கார்ந்தது தமிழ்ப் புத்தகங்களுக்காக.

நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணினியில் தமிழில் தட்டிப் பார்த்தேன், பூஜ்யம். ஆங்கில எழுத்தில் நாம் எழுதுகிற மாதிரி தட்டினேன், அப்போதும் பூஜ்யம். மாமாவிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மொழிப் பாடங்களுக்கென்று ஒரு நூலகர் இரண்டாம் மாடியில் இருக்கிறார், மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு போ என்றார். ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவருடைய வேலையே நம்மோடு அரைமணி உட்கார்ந்து தேடிக் கொடுப்பதுதான். இரண்டு வருடப் படிப்பில் அந்த ஆளை ஒரு தடவை கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். டாக்டருக்குப் பணம் கட்டிவிட்டு வாசலோடு திரும்புகிற மாதிரி.

இரண்டாம் மாடி நூலகர் எனக்குக் காட்டிய வித்தை இது. பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பட்டியலில் ஏற்றும்போது தமிழ் எழுத்தை எழுத்துக்கு எழுத்து ரோமன் எழுத்தில் மாற்றியிருக்கிறார்கள். நாம் காதில் கேட்கிற மாதிரி எழுதுவோம். அவர்கள் கண்ணில் பார்க்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். 'ச' வந்தால் எஸ் கிடையாது, சி மட்டும்தான். 'ப' எங்கே வந்தாலும் பேப்பருக்குப் போடுகிற பி. பாம்புக்கும் அதுதான், அம்பாளுக்கும் அதுதான். 'த' என்றால் வெறும் டீ, எச் சேர்க்கக் கூடாது. ஆக, சிதம்பரத்தைத் தேட வேண்டுமானால் citamparam என்று தட்ட வேண்டும். எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள புள்ளி, கோடு எதையும் போட வேண்டாம், கணினி கண்டுகொள்ளாது. இந்த ஒரு சூத்திரம் தெரிந்ததும் பூஜ்யம் நூற்றுச் சொச்சம் ஆனது. ஒரு காலத்தில் அங்கே தமிழ் பாடமாக இருந்திருக்கிறது. பிறகு பாடம் போய்விட்டது. புத்தகங்கள் போக வழியில்லாமல் தங்கிவிட்டன.

அடுத்தது எண். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்குகிற டூவி முறையில் தமிழ் மொழி, இலக்கணம் எல்லாம் 494.811. தமிழ் இலக்கியம் 894.811. ஒன்று இரண்டாம் மாடியின் கிழக்கு மூலை, இன்னொன்று மேற்கு மூலை. இந்த இரண்டோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மொழி கற்பிக்கும் முறை 418-ல். டர்பன் சேர்ந்திருந்த நேட்டால் மாகாணத்து இந்தியர்களின் வரலாறு 968.4-ல். நாட்டுப்புறக் கதையும் பாட்டும் 398-ல். ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஐந்து ஊர் ஹாஸ்டலில் போட்டது மாதிரி. டூவி 1876-ல் அமெரிக்காவில் இருந்துகொண்டு உலகத்தைப் பத்துக் கூறாகப் பிரித்தபோது தமிழுக்கு 'மற்றவை' கூறில் ஓர் ஓரம் கிடைத்தது, அவ்வளவுதான். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1933-ல் கோலன் என்ற வேறொரு பகுப்பு முறையைக் கொண்டுவந்தார். அதை இங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் 1931-ல் எழுதி வைத்த ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது, எங்கள் நூலகத்துப் படிக்கட்டில் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது. கீழே அவர் பெயர் இல்லை. நான் ஒரு மஞ்சள் சீட்டில் பெயரை எழுதி ஒட்டினேன். மறுநாள் எடுத்துவிட்டார்கள். திரும்ப ஒட்டினேன்.

398-ல் தான் அந்தப் புத்தகம் கிடைத்தது. சென்னையில் அச்சான நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு. நூலகக்காரர்கள் பச்சைக் காலிகோ போட்டு பைண்ட் செய்திருந்தார்கள். தாள் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது, மடக்கினால் உடையும். பின் அட்டையின் உள்பக்கம் திருப்பித்தர வேண்டிய தேதி முத்திரை குத்தும் சீட்டு. 1974-ல் ஆரம்பிக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மாதம் ஒரு முத்திரை, சில மாதம் இரண்டு. அப்புறம் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. கடைசி முத்திரை 14 செப்டம்பர் 1993. அதற்குக் கீழே கோடு போட்ட வெற்றுக் கட்டங்கள். முப்பது வருடம் யாரும் கொண்டுபோகாத புத்தகத்தை நின்றபடியே கையில் வைத்திருந்தேன். தூசியில் இரண்டு தும்மல் வந்தது. சரி, எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

இப்போது முத்திரை குத்துவதில்லை. மிஷின் ஒரு ரசீதைத் துப்பும். நான் மாமாவிடம், இதில் ஒரு முத்திரை குத்திக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இழுப்பறையை மூன்று தடவை திறந்து மூடி, ரப்பர் முத்திரையைக் கண்டுபிடித்தார். வருடச் சக்கரம் 2011-க்கு மேல் சுற்றவில்லை. நாளையும் மாதத்தையும் மட்டும் குத்திவிட்டு, வருடத்தைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோனேன். வகுப்பில் 76 வயதில் ஓர் ஆயா இருக்கிறார். (பாட்டியை இங்கே ஆயா என்பார்கள், மதுரையிலிருந்து வந்த எனக்கு முதலில் வேலைக்காரம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.) ஆயாவுக்கு வீட்டில் ஆங்கிலம்தான். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். ஆனால் ஒரு தாலாட்டு மட்டும் முழுதாகத் தெரியும், அர்த்தம் தெரியாமல். அழுகிற குழந்தையிடம் மாமன் எந்தப் பூச்செண்டால் அடித்தான், அத்தை எந்தப் பூச்செண்டால் அடித்தாள் என்று கேட்கிற தாலாட்டு, நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். ஆயா பாடும்போது வார்த்தைகள் தேய்ந்து கூழாங்கல்லாகிவிட்டிருந்தன. புத்தகத்தில் அதே பாட்டு அச்சில் இருந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டி வந்தவர், 'அரளி'யில் நின்றார்.

'டீச்சர், வாட் இஸ் அரளி?'

மண்டபத்து வாசலில், கார் நிறுத்துகிற இடத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஆயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு செலோன்ஸ்ரோஸ், சிலோன் ரோஜா என்று பெயர். ஆயா ஆயுள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்தச் செடிக்குப் பக்கத்தில் வண்டி ஏறியிருக்கிறார், அந்தச் செடியைத் தாலாட்டில் பாடியும் இருக்கிறார். இரண்டும் ஒன்றென்று தெரியாது.

அதற்கு அடுத்த வாரம் ஆயா ஒரு பழைய காகிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டனாரின் ஒப்பந்தக் கூலி எண். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னை வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஆயா கொண்டுவந்த எண்ணைத் தேட எங்கள் நூலகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாம் மாடி நூலகர் என்னைக் கை கழுவிவிடவில்லை. க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அவரே எழுதி ஏற்பாடு செய்தார். நல்ல நூலகத்துக்கு என் கணக்கில் அடையாளம் இதுதான்: தன்னிடம் இல்லாதது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே பார்த்த கப்பல் பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரிதான். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். தழும்பைக் கூட விடாமல் எழுதியவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் காதில் விழுந்தபடி கிறுக்கியிருக்கிறார்கள். ஜில்லா வட ஆற்காடு. தாலுகா 'வாண்டிவாஷ்'. கிராமம் 'கில்கோடங்லூர்'. ஆயா குடும்பம் இந்த 'வாண்டிவாஷை' மூன்று தலைமுறையாகத் தேடியிருக்கிறது. அப்படி ஓர் ஊரே இல்லை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். எனக்கு அது வந்தவாசி. பள்ளிக்கூடத்தில் வந்தவாசிப் போர் 1760 என்று நெட்டுருப் போட்டவள் நான். அடுத்ததைச் சத்தமாக நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். கில், கீழ். கோடங்லூர், கொடுங்காலூர். கீழ்க்கொடுங்காலூர். போனில் வரைபடத்தைத் திறந்தால் வந்தவாசிக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. கட்டம் கட்டமாக வயல். ஆயா போனைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் படம் மங்கலாகிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி வேலை இருப்பவர்களுக்கு இன்னோர் இடமும் சொல்கிறேன். டர்பனில் பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதியில் கில்லி கேம்ப்பெல் நூலகம். அதுவும் இப்போது அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்தப் புத்தகங்களைச் சேர்த்த கில்லி அம்மாவின் தகப்பனார் மார்ஷல் கேம்ப்பெல் பெரிய கரும்பு முதலாளி. கரும்புப் பணத்தில் சேர்ந்த புத்தகங்களில் போய்க் கரும்பு வெட்டியவர்களின் கதையைத் தேட வேண்டியிருக்கிறது. வீடு அழகு, தோட்டம் அழகு. பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில் போதும்.

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து புத்தகம் வரவழைத்துக் கொடுப்பதும் உண்டு. இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிப்பது பற்றிய ஒரு புத்தகம் பிரிட்டோரியாவில் யூனிசாவிலிருந்து எனக்கு 11 நாளில் வந்தது. என்னிடம் காசு கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை, அங்கேயே வைத்துப் படி என்றார்கள். சால்வையோடு படித்தேன். போட்டோகாப்பி எடுக்க நினைத்தால், சொந்தப் படிப்புக்கு ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்ளலாம். முழுப் புத்தகத்தையும் எடுக்கப் போனால் தடுப்பார்கள். 1978-ல் போட்ட பதிப்புரிமைச் சட்டம். பிரின்ட் எடுக்கும் மிஷின் மூன்றில் ஒன்று எப்போதும் கோமாவில் இருக்கும். சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடுகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிற என் மாதிரிப் பகுதிநேரக்காரர்களுக்குச் சனிக்கிழமைதான் நாள் என்பது முடிவெடுக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. என் வகுப்பு பன்னிரண்டுக்கு முடியும். ஓடினாலும் பன்னிரண்டே முக்கால்.

மாமா சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சில வருடத்துக்கு ஒருமுறை நூலகத்தில் களையெடுப்பு நடக்கும், அதாவது பழைய புத்தகங்களைக் கழிப்பார்கள். இடம் போதாது, புதுப் புத்தகம் வர வேண்டும். எதை எடுப்பது என்று முடிவு செய்ய முதலில் பார்ப்பது, கடைசியாக யார் எப்போது கொண்டுபோனார்கள் என்ற கணக்கை. தமிழ் தெரிந்தவர்கள் அங்கே ஒருவர்கூட இல்லை. எது அரியது, எது குப்பை என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். அதனால் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். மேசையில் வைத்துப் படித்த புத்தகத்தைப் பொறுப்பாக அலமாரியில் திரும்பச் செருகாதே, தள்ளுவண்டியில் வைத்துவிட்டுப் போ. வண்டியில் உள்ளதை அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் மிஷினில் காட்டுவார்கள், அதுவும் பயன்பாட்டுக் கணக்கில் ஏறும். அன்றிலிருந்து நான் வாரத்துக்கு ஆறு தமிழ்ப் புத்தகத்தை வண்டியில் வைக்கிறேன். நாலையாவது நிஜமாகவே படிக்கிறேன். மற்ற இரண்டையும் புரட்டுகிறேன், அட்டையைத் துடைக்கிறேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. கவுண்டருக்கும் இரண்டாம் மாடி நூலகருக்கும் ஐந்துக்கு ஆறு கொடுக்கலாம். மூன்றாம் மாடி ஏசிக்காகவும் சனிக்கிழமை ஒரு மணிக்காகவும் குறைத்திருக்கிறேன். வெளியாட்களும் வருடச் சந்தா கட்டிச் சேரலாம். எடுத்துப் போகிற புத்தகங்களின் எண்ணிக்கை குறைவு, ஷார்ட் லோன் கிடையாது, மற்றபடி எல்லா மாடிக்கும் போகலாம். ஆயா சேர்ந்துவிட்டார். கார்டுக்குப் படம் எடுக்கும்போது பொட்டைச் சரி செய்துகொண்டார்.

போன வாரம் பாட்டுத் தொகுப்பை மறுபடி எடுக்கலாம் என்று 398-க்குப் போனேன். இடம் காலி. வயிறு சொரேலென்றது, களையெடுத்துவிட்டார்களோ என்று. கீழே ஓடிவந்து கேட்டேன். மாமா கணினியைப் பார்த்துவிட்டு, யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள், பெயர் சொல்லக் கூடாது, 12-ம் தேதி வரும் என்றார். ஆயாவா என்று கேட்டேன். பெயர் சொல்லக் கூடாது, சிசி என்றார். ஆயாவுக்குப் போன் போட்டேன். அவர் இல்லையாம். எனக்கு வேண்டும் என்று பெயர் எழுதி வைக்கப் போனால், எனக்கு முன்னால் ஏற்கெனவே ஒருவர் காத்திருக்கிறார்.